தண்ணி வந்துருச்சு

பொற்கொடி குழிக்குள் இறங்கிக் குழாயின் வாயில் காதை வைத்துக் கேட்டாள். இடுப்பளவு ஆழமுள்ள குழி அது. அதன் அடியில்தான் லைன் வீடுகள் ஆறுக்கும் பொதுவான நல்ல தண்ணீர்க் குழாய் இருந்தது. முன்பு தரைக்கு மேலேதான் நின்றது. தண்ணீரின் வேகம் குறையக் குறைய, குடியிருப்பவர்கள் மண்ணைத் தோண்டி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிவிட்டார்கள்.

"ஏதாச்சும் சத்தம் வருதுங்களாக்கா?" மேலே குடத்தோடு நின்றிருந்த ஃபெமினா கேட்டாள்.

"ஒண்ணையுங் காணோம் கண்ணு. நேத்தும் வரல. இன்னிக்காச்சும் வரோணும்." பொற்கொடி விளிம்பில் கையூன்றி ஏறி வந்தாள். கம்பெனி கொடுத்த நீலக் கோட்டின் முழங்கையில் சேறு ஒட்டியிருந்தது. "இன்னொருக்கா லேட்டா வந்தா கேட்டுக்குள்ள வுடமாட்டேன்னு சூப்பர்வைசரு சொல்லிப்போட்டாரு."

போர்வெல் தண்ணீர் உப்பு. துவைக்கவும் குளிக்கவும் அது போதும். சோறு பொங்கவும் குடிக்கவும் இந்தக் குழாய்தான். அது வாரத்துக்கு ஒரு முறை வரும், பத்து நாள் கழித்தும் வரும். விடிகாலையிலும் வரும், உச்சி வெயிலிலும் வரும். வரலாம் என்று தோன்றும் நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் வேலைக்குப் போகாமல் காத்திருந்தார்கள். பொற்கொடியின் கணவன் வெள்ளகோவிலில் ஓர் எண்ணெய் மில்லில் வேலை பார்த்தான், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். அதனால் காத்திருப்பது எப்போதும் அவள்தான். இரண்டு தெரு தள்ளி மோட்டார் காயில் சுற்றும் ஒரு சிறிய கம்பெனியில் அவளுக்கு வேலை.

ஃபெமினா வேலை செய்ததும் பக்கத்திலேயே, ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு யூனிட்டில். பகல் முழுக்க ஒரே மாதிரி போர்டில் ஒரே இடத்தில் ஈயப்பற்று வைப்பாள். அது என்ன செய்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. அவளே கேட்டும் பிரித்தும் ஃபோனில் வீடியோ பார்த்தும் தெரிந்துகொண்டாள். வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பலகை போட்டு, பழைய பிரிண்டரின் மோட்டார், உடைந்த ஃபோனின் திரை, ரேடியோவின் ஸ்பீக்கர் என்று சேர்த்து வைத்திருந்தாள். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய கம்ப்யூட்டர் போர்டு ஒன்றும் இருந்தது. அதை அவள் கணவன் எபினேசர் தீபாவளி போனஸில் வாங்கித் தந்தான். அவன் கால் டாக்சி ஓட்டினான். "எல்லாரும் பொண்டாட்டிக்குக் கொலுசு வாங்குவாங்க. எனக்கு இது வாய்ச்சுது" என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

குழாயைப் பற்றிய யோசனை அவளுக்கு உக்கடத்தில் வந்தது. ரிஃபத்தின் பழைய சாமான் கடை வாசலில் யாரோ கழித்துப் போட்ட தண்ணீர் ஃபில்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவள் ஒன்றைத் திறந்து பார்த்தாள். சுருள் சுருளாக வெள்ளைக் குழல்கள், ஒரு சிறிய பம்ப்பு, அதற்கு முன்னால் கொட்டைப்பாக்கு அளவில் கறுப்பாக ஒரு பாகம். அதிலிருந்து இரண்டு வயர்கள் வெளியே வந்திருந்தன.

"இது எதுக்குண்ணா?"

"தண்ணி வரலீன்னா பம்ப்ப நிறுத்தறதுக்கு" என்றான் ரிஃபத். "லைன்ல பிரஷர் இருந்தா உள்ள சுவிட்சு ஒட்டிக்கும். இல்லீன்னா உட்டுரும்."

அவள் அதன் வாயை உதட்டில் வைத்து ஊதிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ரிஃபத் சைக்கிள் பம்ப்பை எடுத்துக் கொடுத்தான். ஒரு அழுத்து அழுத்தியதும் உள்ளே 'டிக்' என்றது. காற்றை விட்டதும் மறுபடி 'டிக்'. அவள் இன்னும் நாலைந்து தடவை அழுத்தி விட்டாள். பின்பக்கம் ஒரு சிறிய திருகு இருந்தது. அதைத் தளர்த்தினால் இன்னும் குறைந்த காற்றுக்கே சுவிட்சு ஒட்டியது.

"அண்ணா, குழாய்ல தண்ணி வரதுக்கு முன்னாடி புஸ்ஸுன்னு காத்து வருமில்ல. அதுக்கே இது ஒட்டிக்குமா?"

"குழாய மூடி வெச்சா காத்து எங்க போகும்? ஒட்டிக்கும்." ரிஃபத் அவளைப் பார்த்துச் சிரித்தான். "கொண்டு போய்ப் பாரு. ஒட்டலீன்னா திருப்பிக் குடுத்துரு."

அந்த வார விடுமுறையில் குழாய்க்குப் பக்கத்தில் பைப்பில் இன்னொரு வாய் எடுக்கும் 'T' ஜாயின்ட் ஒன்று போட்டு அதைப் பொருத்தினாள். வயர் குழியின் சுவரோரமாக ஏறி, ஜன்னல் வழியாக அவள் பலகைக்கு வந்தது. சுவிட்சு ஒட்டினால் போர்டு ஆறு வீட்டு ஃபோன்களுக்கும் ஒரு வரி அனுப்ப வேண்டும். முதல் நாள் லாரி ஒன்று தெருவில் போன அதிர்வுக்கே எல்லா ஃபோனும் அடித்தது. எபினேசர் பனியனோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டுத் திரும்பி வந்தான். அவள் போர்டில் எழுதியிருந்த புரோகிராமைத் திருத்தினாள்: சுவிட்சு ஒட்டிய உடனே நம்பாதே, சற்று நேரம் விடாமல் ஒட்டியிருந்தால்தான் நம்பு. மின்சாரம் போனால் என்ன செய்வது என்று யோசித்து, பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து அதிலிருந்த நல்ல செல்களைச் சேர்த்துக் கட்டினாள்.

செய்தி வந்தபோது பொற்கொடி காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். கோட்டுப் பையில் ஃபோன் அதிர்ந்தது. 'தண்ணி வந்துருச்சு' என்றிருந்தது. அவள் சூப்பர்வைசரிடம் பர்மிஷன் கேட்டு ஓடினாள். குழிக்குள் இறங்கிக் குழாயைத் திறந்தபோது அது காற்றைத்தான் கக்கியது. அவள் சேலையைச் செருகிக்கொண்டு குடத்தை வைத்த பிறகுதான் தண்ணீர் வந்தது. ஃபெமினாவும் மற்ற வீட்டுக்காரர்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். ஆறு வீட்டுக்கும் குடங்கள் நிறைந்தன. பொற்கொடி டீ பெல் அடிப்பதற்குள் கம்பெனிக்குத் திரும்பிவிட்டாள்.

"காத்துல கண்டுபுடிக்குது பாரு கண்ணு" என்று அன்று சாயங்காலம் அவள் அந்தக் கறுப்புப் பாகத்தைத் தொட்டுப் பார்த்தாள். "தண்ணிக்கு முந்தி இது தெரிஞ்சுக்குது."

அதற்கப்புறம் காலையில் யாரும் குழியோரம் உட்காரவில்லை. தெருவின் மறுபக்கம் இருந்தவர்களும் தங்கள் எண்ணைச் சேர்க்கச் சொன்னார்கள். ஃபெமினா சேர்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, ஹர்ஷா குழியோரம் குனிந்து நின்றிருந்தான். லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரரான கோவிந்தராஜுலுவின் மகன். தெருமுனையில் இருந்த மூன்று மாடி வீடு அவர்களுடையது. அவன் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்தான். அப்போது வீட்டிலிருந்தே வேலை.

"அக்கா, இது நீங்க பண்ணதுங்களா? உள்ள வந்து பாக்கலாங்களா?"

இதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வேலை செய்கிறதா என்று கேட்டார்கள். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதில்லை. ஹர்ஷா பலகைக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டான். லாரி போனால் எப்படி ஏமாறாமல் இருக்கிறது, நெட் போய்விட்டால் என்ன ஆகும், திருகை எவ்வளவு தளர்த்தினீர்கள் என்றெல்லாம் கேட்டான். அவள் திரையைத் திருப்பி, எழுதியிருந்த புரோகிராமைக் காட்டினாள். அவன் ஓரிடத்தில் இரண்டு வரியை ஒரே வரியாகச் சுருக்கிக் காட்டினான். அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"மெசேஜ் மட்டுந்தானுங்களா? வேற எதையாச்சும் ஆன் பண்ண முடியுங்களா?"

"ஒரு ரிலே வெச்சுட்டா போதுமுங்க தம்பி. லைட்டு, பெல்லு, மோட்டரு, எது வேணாலும் ஆன் பண்ணலாம்."

அவன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டான். "சூப்பருங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எபினேசர், "என்ன, அவார்டு குடுத்துட்டுப் போனானா?" என்றான்.

அதற்குப் பிறகு தண்ணீர் வந்த முறை, செய்தி கிடைத்து எல்லோரும் ஓடி வந்தார்கள். குழாய் கொஞ்ச நேரம் கொட்டியது. பாதிக் குடங்கள் நிறைவதற்குள் நூலாகி நின்றுபோனது. மேலே திறந்துவிடுகிற இடத்திலேயே குறைத்துவிட்டார்கள் போல என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த முறை ஒரு குடம்கூட நிறையவில்லை. பொற்கொடி வெறும் குழாயின் வாயை அடைக்க உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்க முடியவில்லை.

"ஃபெமினா, இங்க வா. இது உள்ள இழுக்குது."

ஃபெமினா குழிக்குள் இறங்கித் தன் கையை வைத்துப் பார்த்தாள். குழாய் அவள் உள்ளங்கைச் சதையைப் பற்றி உறிஞ்சியது. கையை எடுத்தபோது நடுவில் வட்டமாகச் சிவந்திருந்தது. அவள் ஒரு காகிதத்துண்டைக் கிழித்துப் பக்கத்தில் பிடித்தாள். அது பறந்து போய் வாயில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் தர வேண்டிய குழாய் ஏன் காற்றைக் குடிக்கிறது? பொற்கொடி கம்பெனிக்கு நேரமாகிறது என்று தவித்துக்கொண்டிருந்தாள். ஃபெமினா இன்னொரு காகிதம் கிழித்தாள்.

வீட்டில் பாட்டுப் பாடும் பொம்மை ஒன்று கெட்டுப்போய்க் கிடந்தது. அதற்குள் பித்தளைக் காசு போல ஒரு தகடு இருக்கும். மின்சாரம் கொடுத்தால் சத்தம் போடும். அதையே திருப்பி, ஏதாவதொன்றின்மேல் ஒட்டி வைத்தால், அந்தப் பொருளுக்குள் ஓடும் சத்தத்தை அது மின்சாரமாக்கித் தரும் என்று அவள் எங்கோ பார்த்திருந்தாள். தகட்டைக் குழாயில் வைத்து டேப் சுற்றி, ஒரு பழைய ரேடியோவின் உள்பாகத்தோடு இணைத்து, இயர்ஃபோனை மாட்டினாள். முதலில் கேட்டது அவள் மூச்சும் குழிச்சுவரில் புடவை உரசுவதும்தான். பிறகு எங்கோ யாரோ வாளியை வைப்பது கேட்டது. தெருவுக்கு அடியில் இவ்வளவு சத்தம் ஓடுவது அவளுக்கு அதுவரை தெரியாது. குழாயை விரல் நகத்தால் தட்டினால் அது தூரத்தில் எங்கோ போய் முட்டித் திரும்பி வந்தது. அவள் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த தண்ணீருக்கு அவள் லீவு போட்டுவிட்டு அந்த இயர்ஃபோனோடு குழிக்குள்ளேயே உட்கார்ந்தாள். காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டியபோது குழாய்க்குள் புஸ்ஸென்று காற்று வரும் சத்தம் கேட்டது. பக்கத்தில் சுவிட்சு 'டிக்' என்று ஒட்டியது. அவள் வைத்திருந்த அந்தச் சற்று நேரம்கூட ஆகவில்லை, செய்தி இன்னும் யாருக்கும் போகவில்லை, அதற்குள் காதில் ஒரு ரீங்காரம் தொடங்கியது. வண்டு ஒன்று குழாய்க்குள் புகுந்துகொண்டது போல ஒரே சுருதியில் நிற்காமல் ஓடியது. அதன் பிறகுதான் அவள் ஃபோன் அடித்தது. பிறகுதான் அவள் ஃபோன் அடித்தது.

ஓடி வந்த பொற்கொடியின் காதில் இயர்ஃபோனை மாட்டினாள்.

"இது மோட்டரு" என்றாள் பொற்கொடி. சொல்ல அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. நாள் முழுக்க டெஸ்டிங் மேசையில் கேட்கிற சத்தம் அது. "பைப்புல நேரா மாட்டி இழுக்கறாங்க."

இருவரும் தகட்டை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அனுமதி கேட்டுவிட்டு வெளியே தெரிந்த பைப்பில் தகட்டை அழுத்திக் கேட்டார்கள். போகப் போக ரீங்காரம் கூடியது. தெருமுனையில் கோவிந்தராஜுலுவின் மதிலோரம் தரைக்குள் இறங்கிய பைப்பில் வைத்தபோது, ஃபெமினா இயர்ஃபோனைக் காதிலிருந்து பிடுங்கிவிட்டாள். அவ்வளவு சத்தம்.

கோவிந்தராஜுலு போர்ட்டிகோவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் பேப்பரை மடித்தார். "வாங்க அம்மணி. உக்காருங்க. ரங்கம், ரெண்டு காப்பி" என்று உள்ளே மனைவி ரங்கம்மாளுக்குக் குரல் கொடுத்தார்.

"காப்பியெல்லாம் வேண்டாங்க" என்றாள் பொற்கொடி. "லைன் ஊட்டுக்குத் தண்ணி ஏற மாட்டேங்குதுங்க. இங்க மோட்டரு ஓடறதால குழாய் உள்ள இழுக்குதுங்க."

"மோட்டரு எங்க இல்லைங்க? இந்த ஏரியாவுல எல்லாருந்தான் வெச்சிருக்கறாங்க. நான் ஒருத்தன் கழட்டிப்போட்டா தண்ணி உங்களுக்கு வந்துருமா சொல்லுங்க. அடுத்த காம்பவுண்டுக்காரன் இழுத்துக்குவான்." அவர் குரலில் கோபமே இல்லை. "முன்னயும் இருந்துதுதானுங்க. வாட்ச்மேன் பாத்துப் போடோணும், அவன் தூங்கிப்போடுவான். இப்பத்தான் ஹர்ஷா தானா ஓடற மாதிரி பண்ணிக் குடுத்தான்."

ஹர்ஷா உள்ளிருந்து வந்தான். ஃபெமினாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அக்கா, நானே உங்களக் கூப்புடலாம்னு இருந்தேன். வாங்க, பாருங்க."

மோட்டாருக்குப் பக்கத்தில் சுவரில் வெள்ளையாக ஒரு பெட்டி இருந்தது. அவன் அதைத் திறந்தான். உள்ளே அவளுடையதைப் போலவே ஒரு போர்டு, அதே கறுப்புச் சுவிட்சு, புதியது. கீழே ரிலே. வயர்கள் நிறம் பார்த்து நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தன. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் பார்த்தாள்.

"அந்த வெயிட்டிங் டைம எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்கக்கா. மோட்டரு ஒரு செகண்டு சும்மா ஓடினாலும் பரவால்லீங்களே. லாரி போனாலும் ஓடிட்டு நின்னுக்கும்."

"தம்பி, இது ஓடுனா எங்களுக்குச் சொட்டுத் தண்ணி வரதில்லைங்க."

அவன் பெட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அது உண்மையிலேயே தோன்றியிருக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. "உங்ககிட்டக் கேட்டுத்தானுங்கக்கா பண்ணேன்" என்றான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

கோவிந்தராஜுலு எழுந்துகொண்டார். "ரெண்டு மாடி ஹாஸ்டலுக்கு விட்டிருக்கறேனுங்க. அந்தப் புள்ளைங்களுக்கு நான் தண்ணி குடுக்கோணுமில்ல. நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க அம்மணி. ஊடு சௌகரியப்படலீன்னாலும் மனசுல வெச்சுக்காமச் சொல்லுங்க. நாம ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சி கோணாமப் பிரிஞ்சுக்கலாம்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இருவரும் தெருவில் இறங்கினார்கள். தண்ணீர் திறந்துவிடும் ஆளுக்கு ஃபோன் செய்து சொன்னார்கள். அவர் இரண்டு நாள் கழித்து வந்தார். போர்ட்டிகோவில் காப்பி குடித்துவிட்டு, லைன் வீட்டுப் பக்கம் வராமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஃபெமினா தன் போர்டில் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துப் பார்த்தாள். செய்தி இன்னும் சீக்கிரமாக வந்தது. ஆனாலும் இரண்டு தெரு ஓடி வரும் கால்களை விட மோட்டார் முந்திக்கொண்டது. பொற்கொடி பழையபடி காலையில் குழியோரம் உட்கார ஆரம்பித்தாள். சுவிட்சு ஒட்டியதிலிருந்து மோட்டார் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும்வரை, கசிவதைக் கையால் அள்ளினால் ஒரு சொம்புக்குக் கிடைக்கும். ஒருநாள் அப்படி அள்ளிவிட்டுக் கம்பெனிக்குப் போனபோது கேட் சாத்தியிருந்தது. சூப்பர்வைசர் உள்ளேயிருந்தபடியே, அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது என்றார். கோட்டைத் திருப்பித் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"நான் சொல்லிக் குடுக்காம இருந்திருக்கலாமுங்கக்கா" என்றாள் ஃபெமினா.

பொற்கொடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஆசையாக் கேட்டான், சொன்ன. நீ என்ன கண்ணு பண்ணுவ." கொஞ்சம் கழித்து, "காயில் சுத்தத் தெரிஞ்சவளுக்கு எங்கியாச்சும் வேலை கெடைக்காமப் போவுதா" என்றாள். அவள் போய்க் கேட்ட இரண்டு கம்பெனியிலும் அப்போதைக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

அடுத்த முறை ஃபோன் அடித்தபோது விடிந்து சற்று நேரமாகியிருந்தது. எல்லோரும் குழிக்கு வந்தார்கள். குழாய் வழக்கம்போலக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. வெறுங்குடங்களோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைந்தார்கள். எபினேசர் வண்டியைத் துடைக்கப் போனவன், "ஏ, அங்க பாரு" என்று கூப்பிட்டான்.

தெருமுனை வீட்டின் மொட்டை மாடித் தொட்டி நிறைந்து, வழிகால் பைப்பிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று மாடி உயரத்திலிருந்து மதிலுக்கு வெளியே தார் ரோட்டில் விழுந்து, சாக்கடையை நோக்கி ஓடியது. முதலில் எல்லோரும் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு யாரோ ஒரு பெண் ஒரு வாளியைக் கொண்டுபோய் அதற்கு அடியில் வைத்தாள். அதன் பின்னால் வரிசை நின்றது.

மாடிக் கைப்பிடிச் சுவரில் ரங்கம்மாள் எட்டிப் பார்த்தார். யாரையும் விரட்டவில்லை. "புடிச்சுக்குங்க, புடிச்சுக்குங்க. வீணாத்தான போகுது" என்றார். வரிசையில் ஃபெமினாவைக் கண்டு, "ஏனுங்க அம்மணி, இது தானா ஓடுது, ரொம்பினாலும் நிக்க மாட்டேங்குது. ஹர்ஷா பெங்களூருக்குப் போயிட்டான். நிக்கற மாதிரி உங்களால பண்ணிக் குடுக்க முடியுங்களா?" என்று கேட்டார்.

ஃபெமினா அண்ணாந்து பார்த்தாள். தொட்டிக்குள் ஒரு மிதவைச் சுவிட்சு போட்டால் போதும். ரிஃபத்தின் கடையில் அது கூடை கூடையாகக் கிடக்கிறது. வயரை எந்தப் பக்கமாக இறக்கலாம், ரிலேயில் எங்கே சேர்க்கலாம் என்பதுகூட அவளுக்குத் தெரிந்தது.

"பாக்கறனுங்க" என்றாள். குடத்தை ஒரு அடி முன்னால் நகர்த்தி வைத்தாள்.

பொற்கொடியின் முறை வந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்த தண்ணீரின் கனம் தாங்காமல் அவளுடைய பிளாஸ்டிக் குடம் கவிழ்ந்து உருண்டது. அவள் நீலக் கோட்டின் கையை மேலே சுருட்டிக்கொண்டு, அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். பாதி குடத்துக்குள்ளும் பாதி அவள் தலையிலும் முகத்திலும் விழுந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"சிந்தாமப் புடி கண்ணு" என்றார் மேலேயிருந்து ரங்கம்மாள். "நல்ல தண்ணி."